தலைக்கட்டும் இலைக்கட்டும்: ஓட்டைக் கணக்கை வைத்து ஊரின் மக்கள்தொகைப் போக்கை அறிவது எப்படி

"நம்ம சனம் கூடுதா, குறையுதா?"

பர்மாவில் பெகு பக்கம், தமிழர் நடத்தும் ஒரு அம்மன் கோயிலின் கமிட்டிக் கூட்டத்தில் இந்தக் கேள்வி எழுந்தது. அன்னதானத்தைக் கவனிக்கும் அண்ணன் கூடுகிறது என்றார். வருஷத்துக்கு வருஷம் தீமிதிப் பந்தி நீண்டுகொண்டே போகிறதாம். தமிழ் வகுப்பு நடத்தும் அக்கா குறைகிறது என்றார். பதினெட்டுப் பிள்ளைகள் வந்த வகுப்பில் இப்போது பதினொரு பேர். பொருளாளர் பெரியவரோ அப்படியேதான் இருக்கிறது என்றார், குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரி வசூலில் மாற்றம் இல்லையே என்று. யாரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் இலையை எண்ணினார், ஒருவர் பிள்ளைகளை எண்ணினார், ஒருவர் ரசீதை எண்ணினார், அவ்வளவுதான்.

யாங்கூனில் கணக்கெடுப்புப் படிவங்களைச் சரிபார்க்கும் வேலை எனக்கு. "நீதான் கணக்குத் தெரிஞ்ச பையன், பார்த்துச் சொல்லு" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். பார்த்தேன். அதில் கற்றதை, இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். ஒரு நோட்டும், மடக்கை பார்க்க வசதியுள்ள கால்குலேட்டரும் போதும். எக்செல் தெரிந்தால் கை வலி மிச்சம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே ஊர்க்கணக்கு என்று வரும் எண்கள் எல்லாம் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்துக்கொண்டவை. நாட்டுக்கணக்கு என்று வருபவைதான் உண்மையான எண்கள்.

இன்னொன்று, நல்ல தரவு கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். மளிகைக்கடைத் தராசில் எடைக்கல் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது என்று வையுங்கள். தினமும் அதே கல்லால் நிறுத்தால் சரியான எடை தெரியாது, ஆனால் நேற்றைவிட இன்று கூடுதலா குறைவா என்பது தெரியும். நடுவில் யாராவது கல்லை மாற்றினால்தான் வம்பு. போக்கைக் கணிக்கிறவன் தேட வேண்டியது அந்தக் கல் மாறிய நாளைத்தான். கீழே சொல்லும் படிகள் எல்லாம் சுற்றிச் சுற்றி அந்த வேலைதான்.

அரசுக் கணக்கில் பார்த்தால் என்ன?

எல்லோரும் கேட்பது இது. பார்க்கலாம், ஆனால் பர்மாவின் குடிக்கணக்கு வரலாறே ஓட்டைக் கணக்குக்கு ஒரு பாடநூல் மாதிரி. 1931 கணக்கெடுப்பில் பர்மாவின் மக்கள்தொகை 1.47 கோடி, அதில் இந்தியர் சுமார் 10.18 லட்சம். ரங்கூனில் (இன்றைய யாங்கூன்) மட்டும் 4 லட்சம் பேரில் பாதிக்கு மேல் இந்தியர். 1941இலும் எண்ணினார்கள். ஆனால் அந்த வருஷக் கடைசியில் ஜப்பான் போர் வந்து, விவரத் தாள்களில் பெரும்பாலானவை தொலைந்தன. அதன்பிறகு நாடு முழுமைக்குமான கணக்கெடுப்பு 1973இலும் 1983இலும்தான். முதலில் 2.89 கோடி, அடுத்து 3.53 கோடி. சண்டை நடந்த பகுதிகளுக்குள் போக முடியாததால் 1983 எண்ணில் சுமார் 11.8 லட்சம் பேர் எண்ணப்படாமல், மதிப்பிட்டுச் சேர்க்கப்பட்டவர்கள்.

அப்புறம் 31 வருஷம் ஒன்றும் இல்லை. 2014இல் வந்த எண் 5.15 கோடி. அதிலும் 12 லட்சம் பேர் மதிப்பீடு. அதில் 10.9 லட்சம் மேற்கே ராக்கைன் மாநிலத்தில், தங்களை ரோஹிங்கியா என்று பதியச் சொன்னதால் எண்ணாமல் விடப்பட்டவர்கள். 2024 கணக்கெடுப்பின் முதற்கட்ட எண் 5.13 கோடி. அதில் ஆளை வைத்து எண்ணியது சுமார் 3.2 கோடி, மீதி 1.9 கோடி மதிப்பீடு. நாட்டின் 330 டவுன்ஷிப்புகளில் முழுமையாக எண்ண முடிந்தது 145இல் மட்டும். ஆகவே 2014இல் 5.15, 2024இல் 5.13, மக்கள்தொகை கொஞ்சம் குறைந்துவிட்டது என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். இரண்டு எண்ணும் ஒரே கல்லால் நிறுத்தவை அல்ல.

தமிழர் கணக்கு இன்னும் சிக்கல். 1942இல் லட்சக்கணக்கான இந்தியர் நடந்தே நாட்டைவிட்டுப் போனார்கள். 1964இல் கடைகள் அரசுடைமையான பிறகு கப்பல் கப்பலாகப் போனார்கள். மெட்ராஸில் பர்மா பஜார் முளைத்தது அப்படித்தான். மிஞ்சியவர்களை எண்ண ஒரு கட்டம் வேண்டுமே? அரசின் 135 இனப் பட்டியலில் தமிழர் இல்லை. 2014 கணக்கெடுப்பின் மதவாரி எண்கள் 2016இல் வந்தன, இந்துக்கள் 0.5 விழுக்காடு. இந்து எல்லாம் தமிழர் இல்லை, தமிழர் எல்லாம் இந்துவும் இல்லை. அதனால் ஊர்க்கணக்கை நாமே போட வேண்டியிருக்கிறது.

முதல் படி: யாரை எண்ணுகிறோம்?

சின்ன வேலை போலத் தெரியும். எங்கள் கமிட்டியில் ஒரு மாலை முழுக்க இதிலேயே போனது. வீட்டில் தமிழ் பேசுகிறவரா? பேரப்பிள்ளைகளுக்குப் பர்மிய மொழிதான் வருகிறது. தமிழ்ப் பெயர் உள்ளவரா? பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், கோயிலில் ஒரு பெயர். கோயிலுக்கு வருகிறவரா? அப்படியென்றால் மாதா கோயிலுக்குப் போகும் தமிழரும், சூலியா என்று இங்கே சொல்லப்படும் தமிழ் முஸ்லிம்களும் விட்டுப்போவார்கள். அம்மா தமிழ், அப்பா பர்மியர் என்றால்?

சரியான விடை என்று ஒன்று கிடையாது. ஒரு வரையறையை முடிவு செய்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள், பிறகு அதைத் தொடாதீர்கள். நாங்கள் எழுதியது: "தாத்தா பாட்டி நால்வரில் ஒருவராவது தமிழ் பேசியவர், இந்த ஊரில் ஆறு மாதமாவது குடியிருப்பவர்." குறையுள்ள வரையறைதான். ஆனால் பத்து வருஷம் கழித்து இன்னொருவர் வந்தாலும் அதே அளவுகோலைப் பிடிக்க முடியும்.

இரண்டாம் படி: கையில் என்னென்ன பதிவு, எதில் என்ன ஓட்டை?

தமிழர் இருக்கும் இடத்தில் நோட்டுக்குப் பஞ்சமே இல்லை. தலைக்கட்டு வரி நோட்டு, அன்னதான இலைக் கணக்கு, கல்யாண மொய் நோட்டு, தமிழ் வகுப்பு வருகைப் பதிவு, சுடுகாட்டுச் செலவுச் சீட்டு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பக்கம் போட்டு, "இதில் யார் விட்டுப்போவார்கள்? இரண்டு முறை வருவது யார்? விதி எப்போது மாறியது?" என்ற மூன்று கேள்விக்கும் பதில் எழுதுங்கள். இந்தப் பக்கங்களைத் தாண்டி அவசரமாகக் கணக்குக்குப் போகிறவர்கள்தான் பிறகு மாட்டிக்கொள்கிறார்கள்.

நான் பார்த்த வரி நோட்டைச் சொல்கிறேன். நீளவாக்கில் மடித்த பழைய பேரேடு, முதுகில் துணி ஒட்டியது. ஆரம்பப் பக்கங்களில் மைக்கூட்டு எழுத்து, கல்யாணமான ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டு. கணவன் இறந்தால் பெயருக்கு நேரே ஒரு கோடு, வரி இல்லை. அந்த வீட்டில் அவர் மனைவியும் நான்கு பிள்ளைகளும் இருப்பார்கள், ஆனால் நோட்டைப் பொறுத்தவரை அது காலி மனை. பின்னால் ஒரு பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவில், "இனி கைம்பெண் வீடும் அரைத் தலைக்கட்டு" என்று ஒரு வரி. அந்த வருஷம் தலைக்கட்டு எண்ணிக்கை திடீரென ஏறுகிறது. ஊருக்கு யாரும் புதிதாக வரவில்லை. கல் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஒரு வரியைப் பார்க்காமல் வரைபடம் போட்டிருந்தால், "அந்த வருஷம் என்ன நடந்தது?" என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பேன்.

இப்படிப்பட்ட இடத்தில் தொடரை இரண்டாக உடைத்து, முன் பகுதிக்குத் தனிப் போக்கு, பின் பகுதிக்குத் தனிப் போக்கு என்று பாருங்கள். அல்லது இரண்டு விதியும் சந்திக்கும் ஒரு வருஷத்துக்கு இரண்டு முறையிலும் எண்ணி, அந்த விகிதத்தால் பழைய எண்களைத் திருத்துங்கள். பழைய விதிப்படி 200, புதிய விதிப்படி 230 என்றால், பழைய எண்களை எல்லாம் 1.15ஆல் பெருக்கலாம். கைம்பெண் வீடுகளின் பங்கு அந்தக் காலம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது என்று நம்பினால் மட்டும்.

மூன்றாம் படி: வயதைத் தட்டிப் பாருங்கள்

கூடுகிறதா குறைகிறதா என்பதோடு, ஊர் கிழடாகிறதா என்பதும் தெரிய வேண்டுமல்லவா? அதற்கு வயது வேண்டும். வயது கேட்டால் என்ன நடக்கும் என்பது வீடு வீடாகப் போனவர்களுக்குத் தெரியும்.

"பாட்டி, வயசு எத்தனை?"

"எழுபது இருக்கும்ப்பா. எழுபத்தஞ்சுன்னு போட்டுக்கோயேன்."

0இலும் 5இலும் முடியும் வயதுகளில் சனம் குவியும். எவ்வளவு குவிகிறது என்று அளக்க விப்பிள் குறியீடு என்று ஒன்று உண்டு. 23 முதல் 62 வயது வரை உள்ளவர்கள் மொத்தம் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். அதற்குள் 25, 30, 35 என்று 60 வரை 0 அல்லது 5இல் முடிபவர்களைத் தனியே எண்ணி, 5ஆல் பெருக்கி, மொத்தத்தால் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள். குவியலே இல்லையென்றால் 100 வரும். எல்லோருமே உருட்டிச் சொன்னால் 500. ஐநா அளவுகோலில் 105க்குக் கீழே என்றால் மிக நம்பகமான பதிவு, 125க்கு மேல் போனால் கரடுமுரடு, 175ஐத் தாண்டினால் மோசம். நம் பட்டியலில் 400 பேர், அதில் 0, 5இல் முடிபவர் 130 பேர் என்றால் 162.5. ஒற்றை வயதாக வைத்து எதுவும் பேச முடியாத அளவுக்குக் கரடுமுரடு.

மருந்து இரண்டு. ஒன்று, வயதை ஐந்தைந்தாகக் கட்டும்போது குவியல் நடுவில் வரும்படி 23–27, 28–32 என்று கட்டுவது. 25 என்று சொன்னவர் உண்மையில் 24ஓ 26ஓ என்றாலும் அதே கட்டுக்குள் நிற்பார்.

இரண்டாவது மருந்து எனக்குப் பிடித்தது, நிகழ்ச்சி நாட்காட்டி. வருஷத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். ஜப்பான்காரன் வந்தபோது கைக்குழந்தையா? 1948 ஜனவரியில் சுதந்திரம் வந்தபோது? 1964இல் கடையை எடுத்துக்கொண்டபோது பள்ளிக்கூடம் போனீர்களா? 1987இல் 25, 35, 75 கியாட் நோட்டு செல்லாமல் போனதே, அப்போது கல்யாணம் ஆகிவிட்டதா? 1988 கலவரத்தில் மூத்த பிள்ளைக்கு என்ன வயது? 2008 மே மாதம் நர்கிஸ் புயல் அடித்தபோது? 75 கியாட் நோட்டை மறந்தவர் யாரும் இல்லை. பெட்டிக்குள் வைத்திருந்த சீதனப் பணம் ஒரே காலையில் வெறும் தாளானதை அந்தப் பாட்டி இருபது நிமிஷம் சொன்னார். சொல்லி முடிக்கும்போது அவருடைய வயது இரண்டு வருஷ இடைவெளிக்குள் வந்து நின்றது.

இந்த நாட்டில் இன்னொரு வசதி உண்டு. வருஷம் மறந்தாலும் பிறந்த கிழமை மறக்காது. பகோடாவில் தண்ணீர் ஊற்றும் மூலை, பர்மியப் பெயரின் முதல் எழுத்து எல்லாம் கிழமையை வைத்துத்தான். அதிலும் கிழமை ஏழில்லை, எட்டு. புதன் பகல் ஒன்று, புதன் மாலை ராகு ஒன்று. தமிழ் வீடுகளிலும் இந்தப் பழக்கம் ஏறிவிட்டது. இதை நினைவில் வையுங்கள், அடுத்து ஓர் இடத்தில் உதவும்.

நான்காம் படி: ஆளை எண்ணினோமா, உழைப்பை எண்ணினோமா?

தீமிதிப் பந்திக்கு வருகிறேன். இலை கூடுகிறது என்றால் சனம் கூடுகிறது என்றுதானே தோன்றும்? முன்பு மதியம் மட்டும் சாப்பாடு, இப்போது இரவும் உண்டு. முன்பு உள்ளூர் மட்டும், இப்போது பஸ் பிடித்து யாங்கூனிலிருந்தும் வருகிறார்கள். இரண்டு பந்தியிலும் உட்காரும் பயல்களைச் சொல்லவே வேண்டாம் (நானும் ஒரு காலத்தில் அந்தக் கோஷ்டிதான்). எண்ணுகிற உழைப்பு, அதாவது நேரமும் இடமும் ஆளும், கூடினால் எண்ணும் கூடும். அதை மக்கள்தொகை வளர்ச்சி என்று நினைத்துவிடக் கூடாது.

ஆகவே எப்போதும் ஒரே அலகில் ஒப்பிடுங்கள்: மதியப் பந்தி மட்டும், உள்ளூரார் மட்டும். உள்ளூராரைப் பிரிக்க எல்லோரையும் கேட்க வேண்டியதில்லை. பந்தியில் ஒவ்வொரு பத்தாவது இலையில் இருப்பவரை மட்டும் "எந்த ஊர்?" என்று கேளுங்கள். பத்தாவது என்றால் பத்தாவதுதான். தெரிந்த முகமாகப் பார்த்துக் கேட்டால் எல்லாரும் உள்ளூராகத்தான் இருப்பார்கள். 1,500 இலையில் 150 பேரைக் கேட்டு, 60 பேர் வெளியூர் என்றால் 40 விழுக்காடு. 150 பேர் மாதிரிக்கு இதில் எட்டு விழுக்காடு அங்கே இங்கே போகலாம். ஆகவே உள்ளூர் சுமார் 900, கிட்டத்தட்ட 780இலிருந்து 1,020க்குள்.

விட்டுப்போன வருஷங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கொரோனா வந்த 2020, 2021இல் பல கோயில்களில் அன்னதானமே இல்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். பூஜ்யம் போட்டால் ஊரே செத்துப் பிழைத்த மாதிரி ஒரு வரைபடம் வரும். முன்னும் பின்னும் பார்த்து நடுவில் ஒரு எண்ணை நிரப்பினால் படம் அழகாக இருக்கும், ஆனால் நிரப்பிய எண்ணைத் தரவோடு சேர்த்து எண்ணாதீர்கள். அது நீங்களே சொன்ன பதில்.

ஐந்தாம் படி: இரண்டு பட்டியலை மோத விடுங்கள்

இந்த முழு வேலையில் எனக்கு அதிகம் பிடித்த இடம் இது. எந்தப் பட்டியலும் முழுமை இல்லை, சரி. ஆனால் இரண்டு அரைகுறைப் பட்டியல்களை ஒப்பிட்டால், இரண்டிலுமே இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று மதிப்பிட முடியும். குளத்தில் மீன் பிடித்து, அடையாளம் போட்டு விட்டுவிட்டு, மறுநாள் வலை போட்டு எத்தனை அடையாள மீன் திரும்ப வந்தது என்று பார்ப்பதும் இதே கணக்குத்தான். மனிதர்களுக்கு இதைக் கொண்டுவந்ததில் முக்கியமானவர் இந்திய மக்கள்தொகையியலாளர் சி. சந்திரசேகரன். கல்கத்தாவுக்கு அருகில் சிங்கூரில் பிறப்பு இறப்புப் பதிவேட்டையும், வீடு வீடாகக் கேட்டு எடுத்த பட்டியலையும் ஒப்பிட்டு, டெமிங் என்ற அமெரிக்கரோடு சேர்ந்து 1949இல் இந்த முறையை வெளியிட்டார்.

கணக்கு இவ்வளவுதான். வரி நோட்டில் 180 வீடு, மொய் நோட்டில் 150 வீடு, இரண்டிலும் இருப்பவை 90 என்று வையுங்கள். மொய் நோட்டில் உள்ள 150இல் 90 வரி நோட்டில் இருக்கிறது, அதாவது வரி நோட்டு நூற்றுக்கு அறுபதைப் பிடிக்கிறது. அந்த 60 விழுக்காடு 180 என்றால் மொத்தம் 300. சிறிய எண்களுக்கு ஒரு சின்னத் திருத்தம் உண்டு: இரண்டு பட்டியலுக்கும், பொது எண்ணுக்கும் ஒன்று கூட்டி, பெருக்கி வகுத்து, கடைசியில் ஒன்றைக் கழிப்பது. 181 × 151 ÷ 91 − 1, அதாவது 299. இதன் தரப்பிழை, அதாவது மதிப்பீடு வழக்கமாக எவ்வளவு தவறும் என்ற அளவு, சுமார் 14 வீடு. அதைப்போல் இரண்டு மடங்கு மேலும் கீழும் விட்டு, 272இலிருந்து 326க்குள் என்று சொல்லலாம்.

கவனிக்க வேண்டியது இரண்டு. வரி கட்டுகிறவர்தான் மொய்யும் எழுதுகிறவர் என்றால் இரண்டு பட்டியலும் ஒரே கூட்டத்தையே பிடிக்கும், ஒதுங்கி வாழ்கிறவர் இரண்டிலும் தப்புவார், மதிப்பீடு குறைவாக வரும். பேட்டை வாரியாகவோ, வயது வாரியாகவோ பிரித்துத் தனித்தனியே போட்டுக் கூட்டினால் இந்தக் கோளாறு குறையும். சந்திரசேகரனும் டெமிங்கும் சொன்ன யோசனைதான். முடிந்தால் கோயிலோடு சம்பந்தமில்லாத பட்டியல் ஒன்றை எடுங்கள்.

இரண்டாவது, ஆளைப் பொருத்துவது. வரி நோட்டில் முருகையா, மொய் நோட்டில் ஊ மௌங் மௌங். ஒரே ஆள். இதை நாம் பிடிக்காமல் விட்டால் பொது எண் 90க்குப் பதில் 75 ஆகும், மொத்தம் 299இலிருந்து 359க்குத் தாவும். பதினைந்து பெயர் பொருந்தாததால் அறுபது வீடு காற்றில் முளைத்துவிட்டது! இங்கேதான் அந்தக் கிழமை உதவுகிறது. பிறந்த கிழமை, ஏறக்குறைய பிறந்த வருஷம், அம்மா பெயரின் முதல் எழுத்து, இந்த மூன்றையும் சேர்த்தால் இரட்டைப் பெயர்க்காரர்களில் பெரும்பாலானவரைப் பிடித்துவிடலாம்.

பொருத்தி முடித்ததும் பெயர்களை அழித்துவிடுங்கள். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. இந்த நாட்டில் யார் எந்த வீட்டில், என்ன வயதில் இருக்கிறார்கள் என்ற பட்டியல் கைமாறுவது ஆபத்து. நோட்டில் குறியீட்டு எண் மட்டும் இருக்கட்டும். போனில் படம் எடுத்து அனுப்பாதீர்கள்.

ஆறாம் படி: போக்கு

ஒரு வருஷ எண்ணை மட்டும் வைத்துப் போக்கு பேச முடியாது. இரண்டு எண், நடுவில் எத்தனை வருஷம் என்று தெரிந்தால் வளர்ச்சி வீதம் வரும்: பின் எண்ணை முன் எண்ணால் வகுத்து, இயற்கை மடக்கை (கால்குலேட்டரில் ln பொத்தான்) எடுத்து, வருஷங்களால் வகுப்பது. 1973இலிருந்து 1983 வரை பர்மாவுக்கு இதைப் போட்டால் வருஷத்துக்கு 2 விழுக்காடு. அதே வீதத்தில் 31 வருஷம் ஓட்டினால் 2014இல் 6.5 கோடிக்கு மேல் வரும். கணக்கெடுப்புக்கு முன் அரசுத் தரப்பில் சொல்லிவந்த எண்ணும் 6 கோடியைச் சுற்றித்தான் இருந்தது. எண்ணிப் பார்த்தால் 5.15 கோடி. 1983இலிருந்து 2014 வரை உண்மையான சராசரி 1.2 விழுக்காடுதான். பிள்ளைகள் குறைந்தன, இளைஞர்கள் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போனார்கள், பழைய வீதம் மட்டும் தாளில் உயிரோடு இருந்தது. பழைய வேகத்தை நீட்டிக் கோடு போடும் முன் இதை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்க்கணக்குக்கு வருவோம். இருபது வருஷத்துக்கு முன் 363 வீடு, இப்போது 299, இரண்டுமே இரட்டைப் பட்டியல் முறையில் வந்தவை, ஒவ்வொன்றிலும் தரப்பிழை ஏறக்குறைய நாலரை விழுக்காடு. வருஷத்துக்கு 1 விழுக்காடு சரிவு, பிழை இடைவெளி 0.3இலிருந்து 1.6 வரை. பூஜ்யம் அதற்குள் இல்லை, ஆகவே குறைகிறது என்று தைரியமாகச் சொல்லலாம். இதே 1 விழுக்காடு சரிவை ஐந்து வருஷ இடைவெளியில் அளந்திருந்தால் பிழை மட்டுமே இரண்டரை விழுக்காடு மேலும் கீழும் இருக்கும். மெதுவான சரிவு அந்தச் சத்தத்தில் கேட்கவே கேட்காது. போன வருஷத்தையும் இந்த வருஷத்தையும் ஒப்பிட்டு ஒப்பாரி வைப்பதில் பயன் இல்லை என்பது இதனால்தான்.

நடு வருஷ எண்களும் இருந்தால், எல்லாவற்றுக்கும் மடக்கை எடுத்து, வருஷத்துக்கு எதிரே புள்ளி வைத்து, ஒரு நேர்கோடு பொருத்துங்கள். எக்செலே செய்யும். மடக்கைக் கோட்டின் சரிவுதான் வருஷ வீதம். கோட்டைவிட்டு வெகுதூரம் தள்ளி நிற்கும் புள்ளியை உடனே அழிக்காதீர்கள். நோட்டுக்குப் போய் அந்த வருஷத்துப் பக்கத்தைப் படியுங்கள். என் அனுபவத்தில் பாதி நேரம் அங்கே ஒரு கல் மாறியிருக்கும்.

வீட்டை எண்ணினோம், ஆளை அல்ல என்பதையும் மறக்காதீர்கள். 2014 கணக்கெடுப்பில் ஒரு வீட்டுக்குச் சராசரி 4.4 பேர். கூட்டுக்குடும்பம் உடைந்தால் ஆள் கூடாமலே வீடு கூடும். பத்துக்கு ஒரு வீட்டிலாவது தலை எண்ணிப் பாருங்கள்.

ஏழாம் படி: ஏன் குறைகிறது?

பிறப்பைக் கூட்டு, இறப்பைக் கழி, வந்தவரைக் கூட்டு, போனவரைக் கழி, அவ்வளவுதான் சூத்திரம். பிறப்பும் இறப்பும் ஓரளவு கிடைக்கும். போனவர் கணக்குத்தான் கிடைக்காது. மொத்த மாற்றத்திலிருந்து பிறப்பு இறப்பைக் கழித்தால் மிஞ்சுவது இடப்பெயர்வு என்று வைப்பார்கள். வைக்கலாம், ஆனால் மற்றதில் செய்த தப்பெல்லாம் அந்த மிச்சத்தில்தான் வந்து விழும்.

நேரே கேட்டாலும் சிக்கல். 2014 கணக்கெடுப்பில் வெளிநாட்டில் இருக்கும் வீட்டாரைக் கேட்டபோது சுமார் 20 லட்சம் பேர் என்று பதிவானது. குடும்பத்தோடு மொத்தமாகப் போய்விட்டவர்களைப் பற்றிச் சொல்ல வீட்டில் யாரும் இல்லையே! 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு நிலைமை இன்னும் மாறிவிட்டது. எந்தப் பட்டியலிலும் பிள்ளையின் பெயரைக் கொடுக்கப் பெற்றோர் தயங்குகிறார்கள். 18இலிருந்து 35 வயது ஆண்கள் நம் பட்டியலில் திடீரெனக் குறைந்தால், போய்விட்டார்களா, சொல்லவில்லையா என்று பட்டியலைப் பார்த்து அறிய முடியாது. அந்த வயதுப் பெண்களின் எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் இடைவெளி எந்த மாதத்திலிருந்து விரிந்தது என்று தெரிந்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும். பெண்களும் வேலைக்குப் போகும் ஊர்களில் அதுவும் பாதி வெளிச்சம்தான். அதற்கு மேல் துருவிக் கேட்காதீர்கள். அந்தத் தாய்க்கு உங்கள் வரைபடத்தைவிட வேறு கவலை இருக்கிறது.

கமிட்டிக்குச் சொல்வது

கடைசியில் மறுபடி கூட்டம். இலை, பிள்ளை, ரசீது மூன்றுமே ஏன் வேறுவேறாகச் சொன்னது என்று விளக்கினேன். பந்தியில் கூடியது வெளியூர். வகுப்பு சுருங்கியதற்குப் பிள்ளைகள் குறைந்தது மட்டுமல்ல, வகுப்பு நேரம் டியூஷனோடு மோதியதும் ஒரு காரணம். வரி மாறாமல் இருந்தது அரைத் தலைக்கட்டு சேர்ந்ததால். மொத்தத்தில் மெதுவாகக் குறைகிறது, 272க்கும் 326க்கும் நடுவில் வீடுகள் என்றேன்.

பொருளாளர் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, இலைக்கட்டு ஆர்டர் கொடுக்கணும். எந்த நம்பரைப் போடட்டும்?"

"இலைக்குப் பெரிய நம்பரை எடுத்து, வீட்டுக்கு எத்தனை ஆளோ அதால பெருக்கிப் போடுங்க பெரியவரே. வெளியூர்க்காரங்களுக்குத் தனியா சேர்த்துக்கோங்க. வரி வசூல் எவ்வளவு வரும்னு பார்க்க மட்டும் சின்ன நம்பர்."

அவர் இரண்டையும் பேரேட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். பக்கத்தில் தேதி போடச் சொன்னேன். எந்த விதிப்படி எண்ணினோம் என்பதையும் ஒரு வரி எழுதச் சொன்னேன். பால்பாயிண்ட் பேனாதான்.